காட்டுக்கு இணையம் கொண்டுபோகிறீர்களா? கருவியைக் கடைசியில் வாங்குங்கள்

ஒரு வனப்பூங்காவின் உள்ளே, கைபேசிச் சிக்னல் எட்டாத ஆய்வு முகாம் ஒன்றுக்கு இணையம் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன். முதல் வேலையாகக் கருவிகளை ஆர்டர் செய்தேன். பெட்டிகள் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அவற்றைப் பிரித்து மாட்ட எட்டு மாதம் ஆனது. அதற்குள் ஒரு கருவியின் உத்தரவாதக் காலம் பெட்டிக்குள் இருந்தபடியே பாதி கழிந்துவிட்டது.

அந்த எட்டு மாதத்தில் அனுமதிக்காக அலைந்தேன், பேட்டரிக் கணக்கைத் தப்பாகப் போட்டேன், மரங்களிடம் ஏமாந்தேன். நீங்களும் அதே குழிகளில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று: இணைய இணைப்பு வாங்குவது இந்த வேலையில் சுலபமான பாகம். ஆளைக் களைக்க வைப்பது அனுமதிக் காகிதமும் மின்சாரமும்தான். அப்புறம், ஏதாவது பழுதானால் அவ்வளவு தூரம் திரும்பப் போக வேண்டுமே, அது.

1. எதற்கு இணையம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

யார் பயன்படுத்தப் போகிறார்கள், எத்தனை பேர், எதற்கு? இதை எழுதினாலே பலருக்கு முழு இணையம் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

ஆபத்து நேரத்தில் செய்தியும் இருப்பிடமும் அனுப்பினால் போதும் என்றால், உள்ளங்கையில் அடங்கும் செயற்கைக்கோள் மெசஞ்சர் போதும். இரிடியம் வலையமைப்பின் 66 செயற்கைக்கோள்கள் துருவங்கள் வரை உலகம் முழுவதையும் எட்டுகின்றன. கம்பம் வேண்டாம், சோலார் பேனல் வேண்டாம். ஓடையின் நீர்மட்டம், வெப்பநிலை போன்ற சின்னச் சின்ன அளவீடுகள்தான் வர வேண்டும் என்றால் லோரா என்ற குறைந்த சக்தி ரேடியோ முறை போதும். சில கிலோமீட்டர் தாண்டும், சிறிய பேட்டரியிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆனால் ஒரு தடவைக்குச் சில பைட்டுகள்தான் போகும். விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் கேமரா பொறியின் படங்களை அதில் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மின்னஞ்சல், காணொளி அழைப்பு, கோப்புகள் எல்லாம் வேண்டும் என்றால் மேலே போகலாம். காணொளி அழைப்புக்கு ஆளுக்கு 1 முதல் 2 எம்பிபிஎஸ் வரை, போகவும் வரவும் இரு பக்கமும் தேவை. முகாமில் 20 பேர் இருந்தால் 20-ஆல் பெருக்க வேண்டாம். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர்தான் பேசுவார்கள்.

எங்கே இணையம் வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். 2014-இல் கனடாவின் தேசியப் பூங்கா நிர்வாகம் பூங்காக்களில் வைஃபை கொடுக்கப் போவதாக அறிவித்தபோது, அமைதி தேடி வரும் இடத்தில் இது எதற்கு என்று எதிர்ப்பு எழுந்தது. வரவேற்பு மையம், ஊழியர் குடியிருப்பு, முகாம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வேன் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் அனுமதி சுலபமாகும். நடைபாதை முழுக்க வைஃபை என்று ஆசைப்பட்டால் கூட்டத்துக்குக் கூட்டம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

2. காகிதங்கள்

இதைத்தான் நான் கடைசிக்குத் தள்ளினேன். நீங்கள் முதலில் தொடங்குங்கள். நாட்டுக்கு நாடு துறையின் பெயரும் படிவமும் மாறும், ஆனால் கேட்கப்படுவது ஏறக்குறைய இவைதான்:

நில நிர்வாகத்தின் அனுமதி. விண்ணப்பத்தோடு இடத்தின் வரைபடம், கம்பத்தின் உயரம், நிறம், எங்கெல்லாம் தோண்டுவீர்கள், மரம் வெட்டுவீர்களா, திட்டம் முடிந்தால் யார் செலவில் அகற்றுவீர்கள் என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். நிலத்தின் வகையையும் பாருங்கள். ஒரே பூங்காவுக்குள் பகுதிக்குப் பகுதி சட்டம் மாறும். உதாரணமாக, அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் காட்டுநிலச் சட்டத்தின் கீழ் வரும் பகுதிகளில் நிலையான கட்டுமானத்துக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. எல்லைக்கோட்டுக்கு நூறு மீட்டர் வெளியே நட்டால் அதே கம்பத்துக்கு அனுமதி கிடைக்கலாம்.

ரேடியோ அனுமதி. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்குப் பல நாடுகளில் உரிமம் தேவையில்லை. ஆனால் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம், எந்தச் சேனலைத் திறந்தவெளியில் பயன்படுத்தலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. கருவிக்கு அந்த நாட்டின் தரச்சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செயற்கைக்கோள் கருவி என்றால் கூடுதல் கவனம். அந்தச் சேவைக்கு அந்த நாட்டில் உரிமம் இருக்கிறதா, உங்கள் சந்தா அந்த இடத்தில் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். வேறு நாட்டில் வாங்கிய செயற்கைக்கோள் தட்டு ஆன்டெனாவை எடுத்துப் போனால் சுங்கத்தில் நின்றுவிடும். செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருந்தாலே கைது செய்யும் நாடுகளும் உண்டு.

பார்வையாளர்களுக்கும் வைஃபை தருவதானால், யார் எப்போது இணைந்தார்கள் என்ற பதிவை வைத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். மீட்பு ஹெலிகாப்டர் இறங்கும் இடம் பக்கத்தில் இருந்தால் கம்பத்தின் உயரத்துக்குத் தனி ஒப்புதல் தேவைப்படலாம்.

இதில் என் கையைச் சுட்டது ஒரு புள்ளி. இடத்தின் அட்சரேகையைப் பாகை, நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருந்தேன். படிவத்தில் தசமத்தில் கேட்டிருந்தார்கள். 30 பாகை 30 நிமிடம் என்பது 30.50. நான் அதை 30.30 என்று நிரப்பிவிட்டேன். 0.2 பாகை வித்தியாசம் தரையில் சுமார் 22 கிலோமீட்டர். அவர்கள் வரைபடத்தில் என் கம்பம் ஓர் ஏரியின் நடுவில் நின்றது. விண்ணப்பம் திரும்பி வந்தது ஏழு வாரம் கழித்து, ஒரே ஒரு வரிக் குறிப்போடு. அனுப்பும் முன் உங்கள் எண்களை நீங்களே ஒரு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று: இனப்பெருக்கக் காலம், காட்டுத்தீக் காலம் என்று வேலையே செய்யக் கூடாத மாதங்கள் இருக்கும். அனுமதி கிடைக்கும் தேதியும் அந்த மாதங்களும் மோதினால் அடுத்த பருவம் வரை காத்திருப்புதான். தேதியைப் பின்னாலிருந்து எண்ணி விண்ணப்பியுங்கள்.

3. எந்த வழியில் இணையம் வரும்?

வாய்ப்புகளை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கைபேசிச் சிக்னல். முகாமில் இல்லை என்றால் எங்குமே இல்லை என்று அர்த்தமில்லை. பக்கத்து மேட்டில் ஏறிப் பாருங்கள். ஒரு கோடு விட்டு விட்டுத் தெரிந்தாலும், உயரத்தில் ஒரே திசை நோக்கும் ஆன்டெனாவும் 4ஜி ரவுட்டரும் வைத்தால் நல்ல இணைப்பாக மாறலாம். இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் சிக்னலைப் பெருக்கிப் பரப்பும் ரிப்பீட்டர் என்பது வேறு கருவி. அதற்குப் பல நாடுகளில் தொலைபேசி நிறுவனத்தின் ஒப்புதலோ பதிவோ வேண்டும்.

இரண்டாவது, இணையம் இருக்கும் ஊரிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வழியே தாவிக் கொண்டுவருவது. நேபாளத்தில் சமூக ஆர்வலர் மகாபீர் புன் மலைக் கிராமங்களை இணைத்தது இப்படி மலைக்கு மலை தாவித்தான். 2007-இல் வெனிசுவேலாவில் ரேடியோ வல்லுநர் எர்மானோ பியெத்ரோசெமோலி வைஃபை அலைகளை 382 கிலோமீட்டர் தூரம் அனுப்பிக் காட்டினார். நமக்கு அவ்வளவு வேண்டாம். 10, 20 கிலோமீட்டர் தாவல் அன்றாட விஷயம். ஒரே நிபந்தனை: இரண்டு முனைகளுக்கும் நடுவே எதுவும் மறைக்கக் கூடாது.

மூன்றாவது, தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகின்றன. அதனால் தாமதம் குறைவு, காணொளி அழைப்பு இயல்பாக ஓடும். ஆனால் செயற்கைக்கோள்கள் வானம் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பதால் தட்டுக்கு அகலமான திறந்த வானம் வேண்டும். ஒரு மரம் குறுக்கே நின்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை சில விநாடிகள் இணைப்பு அறும். வலைப்பக்கம் படிப்பவருக்குத் தெரியாது. அழைப்பில் இருப்பவர் திட்டுவார்.

நான்காவது, பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள். போய் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். பேச்சில் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டே இருப்பீர்கள். பழைய தொழில்நுட்பம் என்று இதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அது ஒரே இடத்தில் நிற்பதால், அந்தத் திசையில் மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி கிடைத்தால் போதும். அடர்ந்த காட்டில் மரத்தை வெட்டாமல் வேலையை முடிக்க சில சமயம் இதுதான் வழி. துருவப் பக்கம் போகப் போக அது அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிடும் என்பதால் அங்கே உதவாது.

கண்ணாடியிழைக் கேபிள்? ஏற்கெனவே மின்கம்பமோ சாலையோ போகிறது என்றால் விசாரியுங்கள். இல்லையென்றால் மறந்துவிடுங்கள்.

4. இடத்தை இரண்டு பருவத்தில் பாருங்கள்

நான் இலையுதிர்ந்த பருவத்தில் போனேன். மேட்டில் நின்று தொலைநோக்கியில் பார்த்தால் 9 கிலோமீட்டர் தள்ளி, இணையம் இருந்த கட்டடத்தின் கூரை, கிளைகளுக்கு ஊடே பளிச்சென்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே, போதும் என்று நினைத்தேன். சோதனை இணைப்பும் கிடைத்தது. தளிர் விட்டு இலை முற்றியதும் வேகம் பாதியானது. முதல் மழையில் இலைகள் நனைந்ததும் இணைப்பே போனது. ஈர இலை 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் மாதிரி. மழை நின்று இலை காய்ந்தால் இணைப்பு திரும்பி வரும், அடுத்த தூறலில் போகும். கருவிதான் கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை கருவியை மாற்றினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. ரேடியோ அலை கயிறு மாதிரி நேர்கோட்டில் போவதில்லை. நடுவில் வெள்ளரிக்காய் போலப் பருத்துப் போகிறது. 10 கிலோமீட்டர் தாவலில், 5.8 கிகாஹெர்ட்ஸில், அந்தப் பருத்த பகுதியின் ஆரம் நடுவழியில் 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் 60 சதவீதமாவது, அதாவது 7 மீட்டராவது, பார்வைக்கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர். 20 கிலோமீட்டர் என்றால் வளைவுக்கு மட்டுமே 6 மீட்டர். இதோடு மரம் இன்னும் எவ்வளவு வளரும் என்பதையும் கூட்டி, அப்புறம் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

ரேடார் விஷயமும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்கள் வானிலை, விமான ரேடார்களோடு பகிரப்படுபவை. ரேடார் தென்பட்டால் உங்கள் கருவி தானாகவே அந்தச் சேனலை விட்டு ஓடிவிடும், 30 நிமிடத்துக்குத் திரும்பி வராது. புதிய சேனலும் அப்படிப் பகிரப்படுவது என்றால், அதற்குப் போகும் முன்னும் ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்கும். இரவில் காரணமில்லாமல் இணைப்பு அறுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

5. மின்சாரம்

எல்லாரும் கோட்டைவிடும் இடம். கணக்கை வெளிப்படையாகப் போட்டுக் காட்டுகிறேன்.

சிறிய செயற்கைக்கோள் தட்டு 35 வாட், வைஃபை 10, ரேடியோ 8, கம்பியிலும் வோல்ட் மாற்றியிலும் இழப்பு 7. மொத்தம் 60 வாட். கேட்கச் சின்ன பல்பு மாதிரிதான். ஆனால் இது நாள் முழுக்க எரியும் பல்பு. 24 மணி நேரத்துக்கு 1,440 வாட்-மணி. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும் என்றால் 4,320. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், எனவே 8,640 வாட்-மணி வாங்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், 5,400 போதும். விலை கூடுதல்தான், ஆனால் எடை மிகக் குறைவு. முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கும் இடத்தில் எடையும் ஒரு விலைதான். ஒரு எச்சரிக்கை: உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்ப் பிரதேசம் என்றால் தானே சூடாகும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பேனல்: நல்ல வெயில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், எல்லா இழப்பும் போக 70 சதவீதம் என்று வைத்தால் சுமார் 515 வாட். ஆனால் ஆண்டின் மோசமான மாதத்தில் 2 மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் 1,030 வாட். நான் ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டேன். மேகமூட்டமான முதல் வாரத்தின் மூன்றாவது இரவிலேயே எல்லாம் அணைந்தது. சராசரி மாதத்தை அல்ல, மோசமான மாதத்தை வைத்துப் போடுங்கள்.

குறைக்க ஒரு வழி உண்டு. இரவில் 8 மணி நேரம் அணைத்துவிட்டால் தேவை 960 வாட்-மணி ஆகும். லித்தியம் பேட்டரி 3,600 போதும். மூன்றில் ஒரு பங்குச் செலவு ஒரு டைமரில் மிச்சம். ஆபத்துக்கு அழைக்க இரவிலும் இணைப்பு வேண்டுமா என்று முகாமில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்வெர்ட்டர் வைக்காதீர்கள். சும்மா இருக்கும்போதே 10, 20 வாட் தின்றுவிடும். எல்லாவற்றையும் நேரடியாக டிசியில், அதாவது பேட்டரியின் மின்சாரத்திலேயே ஓட்டுங்கள்.

இன்னொரு பொறி, விடியற்காலைத் தொல்லை. பேட்டரி இறங்கி எல்லாம் அணைந்த மறுநாள் காலை, கொஞ்சம் வெயில் பட்டதும் வோல்ட் ஏறும், கருவிகள் உயிர்பெறும், உடனே வோல்ட் இறங்கும், அணையும். காலை முழுக்க இதே கூத்து. எங்கள் ரவுட்டர் ஒன்று இப்படி எழுந்து விழுந்தே நினைவகம் கெட்டுப்போனது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் துண்டிக்கும் அளவு, மீண்டும் சேர்க்கும் அளவு என்று இரண்டு இருக்கும். 24 வோல்ட் ஈய-அமில அமைப்பில் 23-இல் துண்டித்தால் 25.2-ஐத் தாண்டிய பிறகே சேர்க்கும்படி வையுங்கள்.

6. மாட்டுவது

உயிருள்ள மரத்தில் மாட்டாதீர்கள். மரத்துக்கும் கேடு, காற்றில் ஆடும்போது திசையும் மாறும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது. தரையிலிருந்து ஆள் உயரம் வரை கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள், எலியும் அணிலும் கடிக்கும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். துளைகளை எறும்பு நுழையாதபடி அடையுங்கள். சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் கேபிள் கட்டுகள் வெயிலில் நொறுங்கிவிடும், வெயில் தாங்கும் கறுப்பை வாங்குங்கள். கம்பத்துக்கு நில இணைப்பும் (எர்த்), கேபிளின் இரு முனையிலும் மின்னல் தடுப்பானும் கட்டாயம். இரண்டு கட்டடங்களை இணைக்கும் கம்பிக்கு மட்டும் கண்ணாடியிழை போடுங்கள். மின்னல் அதன் வழியே வராது.

எல்லாவற்றையும் காட்டுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டு மாடியில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதில் மூன்று நாள் பேனலைப் போர்வையால் மூடி வையுங்கள்.

7. பங்கிடுவது

எங்கள் முகாமில் இணைப்பு வந்த முதல் மாதத்துக்கான டேட்டா நான்கே நாளில் தீர்ந்தது. யாரும் படம் பார்க்கவில்லை. பல வாரமாகச் சிக்னல் காணாத கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் புகைப்படங்களை மேகக்கணினிக்கு ஏற்றின, செயலிகளைப் புதுப்பித்தன. ஆகவே முதல் நாளே ஆளுக்கு வேக வரம்பு போடுங்கள், புதுப்பிப்புகளை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள் அல்லது தடுங்கள். ஊழியர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் தனித்தனி வலையமைப்பு, ஊழியருக்கு முன்னுரிமை. இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் மூலம் விக்கிப்பீடியாவை ஒரு சிறிய கணினியில் இறக்கி வைத்தால் பாதிக் கேள்விகளுக்கு வெளியே போகாமலே பதில் கிடைக்கும்.

தூரத்திலிருந்து கண்காணிக்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கைபேசி இணைப்பிலும் தாழ்சுற்றுச் செயற்கைக்கோளிலும் பெரும்பாலும் உங்களுக்கென்று தனியாக ஒரு பொது ஐபி முகவரி கிடைக்காது. வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது. உள்ளிருந்து வெளியே வயர்கார்டு போன்ற விபிஎன் (பாதுகாப்பான சுரங்க இணைப்பு) ஒன்றைத் தானாகவே போடும்படி முன்கூட்டியே அமைத்துவிட்டுக் கிளம்புங்கள். ரேடியோவில் அமைப்பை மாற்றும்போது தூரத்து முனையை முதலில், பக்கத்து முனையை அடுத்து. உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் தூரத்து முனை கைக்கு எட்டாது.

வாக்கி-டாக்கியைக் கழற்றிவிடாதீர்கள். இணையம் வந்துவிட்டது என்று பழைய விஎச்எஃப் கருவியை மூட்டைகட்டுவது பெரிய தவறு.

8. செலவும் காலமும்

எங்கள் மொத்தச் செலவில் கிட்டத்தட்ட பாதி மின்சாரத்துக்கு. அடுத்தது ஆள்கூலியும் சுமையேற்றமும், பிறகு கம்பம். எல்லாரும் பேரம் பேசி வாங்கும் இணையக் கருவி கடைசி வரிசையில்தான் வந்தது. பணம் கேட்கும்போது முதல் ஆண்டுச் செலவை மட்டும் கேட்காதீர்கள். மாதச் சந்தா, ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பராமரிப்புப் பயணம், பேட்டரி மாற்றும் செலவு மூன்றையும் ஐந்து ஆண்டுக்குக் கூட்டிக் கேளுங்கள். ரவுட்டர், ரேடியோ, வோல்ட் மாற்றி ஆகியவற்றில் ஒவ்வொன்று உபரியாக முகாமிலேயே இருக்கட்டும். ஒரு சின்ன மாற்றிக்காக ஒரு நாள் நடப்பதைவிட இது மலிவு.

காலம் எங்களுக்கு இப்படிப் போனது: அனுமதிக்கு ஐந்து மாதம், அதில் ஏழு வாரம் என் புள்ளிக்காக. மறுபடி இடம் பார்த்துக் கம்பத்தை நகர்த்த இரண்டு மாதம், மாடிச் சோதனை இரண்டு வாரம். காட்டில் மாட்டிய வேலை நான்கே நாள்.

9. கிளம்பும் முன் பெட்டிக்குள் ஒரு தாள்

பழுதானால் முதலில் திறந்து பார்க்கப் போவது நீங்கள் அல்ல, முகாமில் இருக்கும் யாரோ ஒருவர். எந்த ஸ்விட்சை முதலில் அணைக்க வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும், உபரி ஃபியூஸ் எங்கே என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். கம்பி இணைப்புப் படம் ஒன்று வரையுங்கள். மூடும் முன் பெட்டியின் உள்ளே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், தொலைபேசியில் வழி சொல்லும்போது அதுதான் கண். எங்கள் முதல் தாளைக் கரையான் அரித்துவிட்டது. இப்போது இருப்பது லேமினேட் செய்தது, கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் நூலில் கட்டிய பென்சிலோடு.